கழுகுப்பாறையில் கொட்டிய முரசு

மதகூர் என்று ஓர் ஊர். அதை ஆண்ட பெருங்கோடனுக்கு இரண்டு பிடிக்கும். ஒன்று, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். இன்னொன்று, தானே போட்ட சட்டங்கள்.

அதில் ஒரு சட்டம்: எவருக்குத் தண்ணீரை நிறுத்துவதானாலும் மூன்று நாள் முன்னால் முரசு கொட்டிச் சொல்ல வேண்டும். மறுப்பு இருந்தால் அவர்கள் அரசனிடமே வரலாம். தீர்ப்பாகும்வரை மதகைத் தொடக் கூடாது. நல்ல சட்டம்தான். அரண்மனைப் பெட்டியில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் குயவர் தெரு வாய்க்கால் வறண்டுபோனது. மதகு அதிகாரி கொழுந்தப்பர் அந்தத் தண்ணீரைத் தன் வீட்டுத் தாமரைக் குளத்துக்குத் திருப்பிவிட்டார்.

பொன்னுருவி என்ற குயத்தி அரசவை விகடன் இளஞ்சாத்தனிடம் ஓடி வந்தாள்.

“சாமி, மக பிள்ளை பெத்து எட்டு நாளாச்சு. குழந்தையைக் குளிப்பாட்ட ஆத்துலேருந்து தண்ணி தூக்கிட்டு வர்றேன். இடுப்பு ரெண்டாப் போச்சு.”

“அரசரிடம் மறுப்புச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லலாமா என்ன?”

சாத்தன் சட்டத்தைச் சொன்னான். அவள் வாயைப் பிளந்தாள். “எங்களுக்கு இப்படியெல்லாம் உரிமை இருக்கா? முரசுச் சத்தமே கேக்கலையே!”

சாத்தன் அதிகாரியிடம் போனான்.

“முரசு கொட்டியாச்சே!” என்றார் கொழுந்தப்பர். “கழுகுப்பாறை உச்சியில. எங்க கொட்டணும்னு சட்டத்துல இருக்கா?”

“இல்லையே! என்ன மூளை ஐயா உமக்கு!”

கொழுந்தப்பர் பூரித்துப்போனார். “நாளைக்குப் பூக்காரர் தெருவுக்கும் அங்கதான். என் மாந்தோப்பு காயுதுல்ல?”

“உங்களுக்கு எதற்குச் சிரமம்? அறிவிப்பு ஓலையை நான் எழுதுகிறேன்.”

மறுநாள் கொழுந்தப்பருக்குப் பாதி மலையிலேயே மூச்சு வாங்கியது. ஒரு மரத்தடியில் சாய்ந்தார். சாத்தன் நீட்டிய ஓலையைப் படிக்காமலே முத்திரை குத்தினார். மேலே முரசு முழங்கியது. கீழே அவர் குறட்டை முழங்கியது.

நாலாம் நாள் சனிக்கிழமை. அரசன் தலையில் எண்ணெய், அதன்மேல் எண்ணெய் போக்கும் அரப்புத் தூள். கண்ணை இறுக மூடியிருந்தான்.

“ஊத்துடா!”

“மகாராஜா… தண்ணி நின்னுபோச்சு.”

“எரியுதே! எவன் நிறுத்தினான்?”

மதகுக் காவலன் ஓலையோடு ஓடி வந்தான். ‘அரண்மனைக் குளியலறைக்குத் தண்ணீர் நிறுத்தம்’ என்றது ஓலை. கீழே கொழுந்தப்பர் முத்திரை.

“ஐயோ, நான் படிக்கலையே!” என்றார் பின்னாலேயே ஓடி வந்த கொழுந்தப்பர்.

“எனக்கு ஏனய்யா முன்கூட்டியே சொல்லவில்லை?” என்று அரசன் கத்தினான்.

இளஞ்சாத்தன் பணிவாக வந்தான். “முரசு கொட்டினோமே மகாராஜா. கழுகுப்பாறை உச்சியில்.”

“அங்கே கொட்டினால் குளியலறையில் எப்படியடா கேட்கும்?”

“குயவர் தெருவில் எப்படிக் கேட்டதோ, அப்படித்தான்.”

நடந்ததை எல்லாம் சாத்தன் சொல்லி முடித்தான். அரசன் முதலில் முறைத்தான். கண் மூடியிருந்ததால் தூணைத்தான் முறைத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். வாய்க்குள் அரப்பு போய்விட்டது.

“தூ, தூ! முதலில் குயவர் தெரு மதகைத் திற. அப்புறம் என்னுடையது. கொழுந்தப்பரே, இனி நீரே வீடு வீடாகப் போய் இந்தச் சட்டத்தைச் சொல்லும். ‘புரிந்தது’ என்று வீட்டுக்காரர் சொல்லாமல் வாசலைவிட்டு நகரக் கூடாது!”

சாத்தனுக்கு மோதிரம் பரிசு. எண்ணெய்க் கையல்லவா, வழுக்கிக்கொண்டு கழன்றது.

“ஆனாலும் சாத்தா, என் தண்ணீரையே நிறுத்த உனக்கு எவ்வளவு துணிச்சல்!”

“சட்டப்படி மூன்று நாள் காத்திருந்தேன் மகாராஜா. ஒரு கழுகுகூட மறுப்புச் சொல்லவில்லை.”