பொத்தானில் அடங்காத சொல்

"டீச்சர், இந்தப் பெட்டி என் பொண்டாட்டியப் போகச் சொல்லுது."

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் குத்தாலிங்கம் இதைச் சொல்லிவிட்டார்.

எமிமாள் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு மாடியில், தேடி வருகிறவர்களுக்குச் சும்மா சொல்லிக்கொடுப்பார். சொல்லிக்கொடுப்பார் என்று பேர்தான். பாதி நேரம் கேள்வி கேட்டே ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். குத்தாலிங்கத்தின் மகள் வயதுதான் இருக்கும். குத்தாலிங்கம் அதையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை.

"உக்காருங்க அண்ணாச்சி. எந்தப் பெட்டி?"

குத்தாலிங்கம் கல்யாண வீடியோ எடுத்தவர். கடையை மூடியபோது கம்ப்யூட்டரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் ஒரு மீடியா சென்டர் மென்பொருளைப் போட்டு டிவியோடு இணைத்தார். பக்கவாதத்தில் விழுந்த மனைவி ஆவுடை, படுத்த இடத்திலிருந்தே அவர் எடுத்த ஊரார் கல்யாணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையில் அவளுக்கு அசைவு மிஞ்சியது பெருவிரலில்தான். ரிமோட்டை அமுக்க அமுக்கத்தான் அந்த விரல் பிழைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பாத்து முடிச்சு அணைக்கப் போனா ஒரு பொத்தான் வருது டீச்சர். 'வெளியேறு'ன்னு. படுக்கையில கெடக்குறவகிட்டச் சொல்லுற சொல்லா அது? அவ ரிமோட்டையே தொட மாட்டேங்கா."

"நீங்க அணைச்சுட வேண்டியதுதான?"

"சொன்னேனே. 'அப்போ ரிமோட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்'னுட்டா. வெரலு மடங்க ஆரம்பிச்சிட்டு டீச்சர்."

டீச்சர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"அந்தச் சொல்லு எங்க இருக்கு?"

"மென்பொருளுக்கு உள்ள."

"அப்போ உள்ள போங்க."

அவ்வளவுதான் பாடம்.

நல்ல வேளை, அது திறந்த மென்பொருள். அதன் மூல நிரலை யாரும் இறக்கலாம், வேண்டியதை மாற்றலாம், தன் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்து, அதாவது ஓடுகிற மென்பொருளாக மாற்றி, ஓட்டலாம். யாரும் செய்யலாம் என்பதாலேயே யாரும் செய்வதில்லை.

குத்தாலிங்கம் செய்ய உட்கார்ந்தார்.

கடலளவு நிரலில் தேடி அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தார். அதை அழித்துவிட்டு, 'போயிட்டு வாரேன்' என்று தட்டினார். அவர் வீட்டில் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்கள்.

கம்பைல் ஓடியது. நின்றது. திரை முழுக்கச் சிவப்பு.

ஞாயிற்றுக்கிழமை வந்ததும் ஓடினார் டீச்சர் வீட்டு மாடிக்கு.

"டீச்சர், ஒரே பிழையா கொட்டுது. கடைசி வரிய எழுதிட்டு வந்திருக்கேன்."

"மொதல் பிழை எது?"

"திரையில கடைசிதான நிக்குது?"

டீச்சர் ஒரு விரலை நீட்டி, மேலே, இன்னும் மேலே என்று காட்டினார். பிறகு அந்த விரலாலேயே வாசலையும் காட்டினார்.

வீட்டுக்கு வந்து திரையை மேலே உருட்டிக்கொண்டே போனார். உச்சியில் ஒரே ஒரு குறை. அந்த மென்பொருளுக்குத் துணையாக வேண்டிய லைப்ரரி ஒன்று கம்ப்யூட்டரில் இல்லை. அதைப் போட்டார். மற்ற பிழைகள் அத்தனையும் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிட்டன.

மறுபடி ஓடவிட்டார். பாதி வழியில் கம்ப்யூட்டரே உறைந்துபோனது. மவுஸ் அசையவில்லை, கீபோர்டு கேட்கவில்லை.

மறுபடி மாடி.

"சீக்கிரம் முடியட்டும்னு கம்ப்யூட்டருக்குள்ள வேலை பாக்குற எல்லா கோரையும் ஒரே நேரத்துல வேலைக்கு விட்டேன் டீச்சர். செத்த மாதிரி நின்னுட்டு."

"அத்தனை பேரை வேலைக்குக் கூப்பிட்டீங்களே அண்ணாச்சி, சோறு எத்தனை பேருக்கு இருந்துச்சு?"

எத்தனை கல்யாணப் பந்தி பார்த்தவர். மெமரி போதவில்லை என்று இதைவிட யாரும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது. அடுத்த முறை இரண்டு கோரை மட்டும் விட்டார். ஆமையாக நகர்ந்தது. ஆனால் நகர்ந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

முடிந்தது.

குத்தாலிங்கம் சின்னப் பையனைப் போலக் கை தட்டினார். ரிமோட்டைக் கொண்டுபோய் ஆவுடையின் கையில் வைத்தார்.

"இனி அது உன்னப் போகச் சொல்லாது. பாரு."

ஆவுடை பார்த்தாள். தூரத்து மச்சினன் ஒருவன் கல்யாணம். பந்தியில் சிரித்த எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். முடிந்ததும் பெருவிரலால் அமுக்கினாள்.

பொத்தான் வந்தது. பொத்தான் சின்னது. வந்த சொல்லில் பாதிக்குத்தான் அதில் இடம் இருந்தது.

'போயிட்டு...' அதோடு நின்றால், அவர்கள் ஊர்ப் பேச்சில் அது 'போய்விட்டது'.

"மொதல்ல வெளியேறுன்னுது," என்றாள் ஆவுடை. வாய் கோணி, வார்த்தை குழறி வந்தது. "இப்போ போயிட்டுங்குது."

ரிமோட் படுக்கையிலிருந்து கீழே விழுந்தது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

குத்தாலிங்கம் குனிந்து ரிமோட்டை எடுத்தார். கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

பொத்தானை நீட்டினார். பக்கத்துப் பொத்தான் திரையை விட்டு ஓடியது. எழுத்தைச் சுருக்கினார். ஆவுடையின் கண்ணுக்கு அது எறும்பாகத் தெரிந்தது. நிரலுக்குள் இன்னும் ஆழமாகக் கையை விட்டார். கம்பைல் மறுபடி சிவந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் அவர் குரல் உயர்ந்துவிட்டது.

"விட மாட்டேன் டீச்சர். அந்த மிச்சச் சொல்ல உள்ள இழுத்துட்டு வராம விட மாட்டேன். இந்த மென்பொருளையே பிரிச்சுப் போட்டாலும் சரி."

"விடச் சொல்லலையே."

"வேற என்னதான் சொல்லுதீங்க? வாயத் தொறந்து ஒண்ணு சொல்லுங்களேன்!"

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்காவப் பாக்கணும். நடங்க."

வீட்டுக்கு வந்தவர் கம்ப்யூட்டர் இருந்த பக்கமே பார்க்கவில்லை. ஆவுடையின் கட்டிலில் உட்கார்ந்தார். மடங்கிக் கிடந்த பெருவிரலை எடுத்து மெல்ல நீவிவிட்டார். டிவியில் குத்தாலிங்கம் ஒரு கல்யாணத்தைப் போட்டார்.

"மஞ்சச் சேலை கட்டியிருக்காளே, அவ இப்போ இல்ல," என்றாள் ஆவுடை.

"நல்லா சிரிக்காங்க அக்கா."

"அவ பாயசம் வாங்கித் தின்ன வேகத்தப் பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். குத்தாலிங்கம் கதவோரம் நின்று காலை மாற்றி மாற்றி வைத்தார். காபி வந்தது. காபி தீர்ந்தது. பொத்தானைப் பற்றிப் பேச்சே இல்லை.

டீச்சர் எழுந்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"டீச்சர்," குத்தாலிங்கம் பின்னாலேயே வந்தார், "அந்தப் பொத்தான்..."

டீச்சர் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, வாரேன்."

"சரி டீச்சர், வா," என்றாள் ஆவுடை.

டீச்சர் தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

குத்தாலிங்கம் கடுகடுவென்று உள்ளே திரும்பினார். ஆவுடை சிரித்துக்கொண்டிருந்தாள். விழுந்த நாளிலிருந்து அவர் பார்க்காத சிரிப்பு, பாதி முகத்தில்.

"என்ன சிரிப்பு?"

"அவ என்ன சொன்னா?"

"வாரேன்னா."

"போயிட்டுன்னு சொன்னாளா?"

'வாரேன்' என்று குத்தாலிங்கம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

பிறகு கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தார். நீட்டியதையும் சுருக்கியதையும் பழையபடி ஆக்கினார். முன்னால் நின்ற ஒரு சொல்லை அழித்தார். கம்பைலை ஓடவிட்டார். மின்விசிறி உறுமத் தொடங்கியது.

"ஏங்க," உள்ளே இருந்து குரல் வந்தது. "ரிமோட்டு எங்க?"

"இப்பத்தான் ஓட ஆரம்பிச்சிருக்கு ஆவுடை. முடிய நேரமாகும்."

"ஆகட்டும். கையிலயாவது குடுங்க."