பெட்டிக்குள் பெய்த மழை

காட்டை ஒட்டி ஒரு கடலைக் கொல்லை. அதன் வேலியோரம் வெள்ளெலி மூக்காயி தன் குட்டிகளோடு குடியிருந்தது. எதைக் கண்டாலும் மூக்கை நுழைத்துப் பார்த்தால்தான் அதற்குத் தூக்கம் வரும்!

அறுவடை முடிந்ததும், மண்ணில் தப்பிய கடலையை எல்லாம் மூக்காயி பொறுக்கிச் சேர்த்தது. மழைக்காலம் முழுக்க அதுதான் சோறு. ஆனாலும் அதற்கு ஒரு கவலை. போன மழைக்கு ஈரக் கடலையை வளைக்குள் அடைத்ததில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதைத் தின்ற கடைக்குட்டி பிழைத்ததே பெரும்பாடு! வெளியே காயப்போடலாம் என்றால், காக்காய்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தன.

வேலியோரம் விவசாயி கழித்துப் போட்ட பழைய சோலார் உலர்த்தி ஒன்று கிடந்தது. கறுப்புப் பெட்டி. அதன் மேல் கண்ணாடி. அடியில் ஒரு ஓட்டை, உச்சியில் ஒரு ஓட்டை. மூக்காயி சும்மா இருக்குமா? உள்ளே நுழைந்தது.

"யம்மாடி, என்ன சூடு! கடலை காய இதைவிட நல்ல இடம் ஏது?"

கடலை முழுவதையும் உள்ளே பரப்பியது. அப்போது ஓணான் சூரப்பன் வந்து சேர்ந்தது. நாள் முழுக்க வெயிலில் கிடப்பதால், வெயிலைப் பற்றித் தன்னை விட்டால் ஆளில்லை என்று அதற்கு நினைப்பு.

"அடி மூக்காயி! ஓட்டை வழியா சூடெல்லாம் ஓடிப்போகாதா? ரெண்டையும் அடை!"

"எதுக்கோதானே அண்ணே ஓட்டை வெச்சிருப்பாங்க?"

"வெயிலைப் பத்தி எனக்கே பாடம் சொல்றியா?"

மூக்காயி அதன் பேச்சை நம்பியது. களிமண்ணைக் குழைத்து இரண்டு ஓட்டைகளையும் அடைத்தது.

மறுநாள் உச்சிவேளையில் குட்டிகள் கூவின. "அம்மா! பெட்டிக்குள்ளே மழை பெய்யுது!"

உண்மைதான். கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி! வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. மேற்கே மட்டும் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"கண்ணாடிக்கு வேர்க்குது, அவ்வளவுதான். பேசாம விடு!" என்றது ஓணான்.

கண்ணாடிக்கு வேர்க்குமா? மூக்காயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடி ஓட்டையின் மண்ணைப் பறித்து உள்ளே போனது. ஒரு துளியை நக்கியது. பச்சைக் கடலை வாசம்!

"அண்ணே, இது நம்ம கடலையில இருந்த தண்ணி! வெளியே போக வழியில்லாம, திரும்பக் கடலை மேலேயே சொட்டுது!"

ஓடிப்போய் உச்சி ஓட்டையையும் திறந்தது. குப்பென்று ஈரக்காற்று முகத்தில் அடித்தது. கீழே வந்து அடி ஓட்டையில் மூக்கை வைத்தது. வெளிக்காற்று உள்ளே போகப் போக, அதன் மீசையும் உள்பக்கமாக வளைந்தது. மூக்காயிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மேகம் இரண்டு மூன்று நாள் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது; அதற்குள் வெயில் தன் வேலையை முடித்தது. மூக்காயி ஒரு கடலையைக் காதருகே ஆட்டியது. கலகலவென்று சத்தம்! அத்தனையையும் வளைக்குக் கொண்டு சேர்த்ததும் மழை கொட்டியது. கடைக்குட்டி வயிறாரத் தின்றுவிட்டுத் தூங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் மூக்காயிக்கு உயிர் வந்தது.

நனைந்துபோன ஓணான் தலையைத் தொங்கப்போட்டபடி வந்தது. "அந்தப் பெட்டியில கொஞ்சம் ஒதுங்கிக்கட்டுமா?"

"தாராளமா அண்ணே! ஓட்டையை மட்டும் அடைச்சுடாதீங்க!"

எல்லாம் தெரிந்தவர் சொல்கிறாரே என்று தலையாட்டிவிடாமல், ஏன் என்று கேட்டுத் தானே கிட்டப் போய்ப் பார்ப்பவர் ஏமாற மாட்டார்.