மூன்று நாள் தவணை

மருதவாணர் காவி கட்டி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் அரண்மனையில் ஓலை எழுதியவர். ஓடிவரும் குற்றவாளிகளை அக்கரை நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தம் அவர் எழுதியது. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. எல்லாவற்றையும் துறந்தவர் அதை மட்டும் துறக்கவில்லை.

அக்கரையிலிருந்து காத்தான் என்ற படகோட்டி மருதவாணர் இருந்த ஆற்றங்கரை மடத்துக்கு ஓடிவந்தான். ஊரே பட்டினி கிடக்கையில், அந்நாட்டு அரண்மனைக் களஞ்சியத்தில் நெல் இருக்கிறது என்று சந்தையில் சொல்லிவிட்டவன். சும்மா உட்காரப் பிடிக்காமல் மடத்துப் பழைய படகின் ஓட்டைகளை அடைத்துக் கொடுத்தான்.

நான்காம் நாள் அக்கரைச் சேவகர்கள் ஓலையோடு வந்தார்கள். சந்தைப் பேச்சு பற்றி அதில் மூச்சே இல்லை. அரசப் படகைத் திருடிக்கொண்டு ஓடினான் என்று மட்டும் இருந்தது.

"ஒப்பந்தத்தை எழுதியவர் நீர்தானே? அனுப்பலாமா, சொல்லும்" என்றார் குரு செங்கமலத்தம்மை.

"தாராளமாக அனுப்பலாம் தாயே. எதற்குக் கேட்டார்களோ அதற்கு மட்டும்தான் தண்டிக்கலாம். பிறகு நாட்டைவிட்டு வெளியேற மூன்று நாள் தவணை. அதுவரை வேறு எதற்காகவும் அவனைத் தொட முடியாது."

காத்தான் கைகூப்பினான். "சாமி, திரும்பி வரப் படகு கெடைக்குமா?"

"அதுதான் மூன்று நாள் இருக்கிறதே. பயப்படாமல் போ."

"இல்ல சாமி, படகு..."

சேவகர்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பதினைந்து நாள் கழித்து, ஒப்பந்தப்படி, அக்கரையிலிருந்து தகவல் ஓலை வந்தது. படகுத் திருட்டுக்குப் பத்துக் கசையடி. அன்றே விடுதலை. அடுத்த மூன்று நாளும் அக்கரைப் படகு ஒன்றுகூட ஓடக் கூடாது என்று அரச உத்தரவு. நான்காம் நாள், சந்தையில் பேசியதற்காகத் தூக்கு.

மருதவாணர் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தார். அழுதுகொண்டே ஒப்பந்த ஓலையோடு அம்மையிடம் போனார்.

"எந்த வரியில் தாயே பிழை விட்டேன்? சொல்லுங்கள், அரசரிடம் போய்த் திருத்திவிட்டு வருகிறேன்."

அம்மை ஓலையை வாங்கவில்லை. "போகும்போது அவன் உம்மிடம் என்ன கேட்டான்?"

"திரும்பி வரப் படகு கிடைக்குமா என்று."

"நீர் என்ன சொன்னீர்?"

"மூன்று நாள் இருக்கிறதே என்று."

"ஓலையில் பிழை இல்லை" என்றார் அம்மை. "அவன் ஓட்டை அடைத்துக் கொடுத்த படகு இந்தக் கரையில் சும்மாதான் கட்டிக் கிடந்தது. அதைக் கொண்டுபோய் அக்கரையில் நிறுத்த எனக்கும் தோன்றவில்லை."