அதிகாரிக்கு ஏறிய பிரஷர்

அதிகாரி ஆளவந்தார் வந்துவிட்டால் மின்விசிறிகூட அவரைக் கேட்டுத்தான் சுழல வேண்டும். கருங்காட்டூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் வந்தவர், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து நர்ஸ் தவமணியைப் பிடித்துக்கொண்டார்.

"பயிற்சிங்கிற பேர்ல போய் நல்லா பிரியாணி சாப்பிட்டு வந்தீங்க. அதனால இங்க என்ன மாறுச்சு? இப்பவே என் கண்ணுக்குக் காட்டுங்க. இல்லேன்னா அடுத்த பயிற்சிக்கு ஒருத்தரும் கிடையாது!"

கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! பயிற்சி என்ன, பையிலிருந்து எடுத்துக் காட்டுகிற பண்டமா?

தவமணி சிரித்தாள். "காட்டிடலாம் சார். கையை நீட்டுங்க."

சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, அவர் திட்டத் திட்டவே பிரஷர் பார்த்தாள். "நூத்தி அறுபது."

அவர் முகம் வெளுத்தது. "ஐயோ, மாத்திரை கொடும்மா!"

"இருங்க சார். காலைக் கீழே வைங்க, சட்டைக் கையை ஏத்துங்க, கையை மேசை மேல வைங்க. அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது."

ஆளவந்தார் இருக்கும் இடத்தில் அப்படி ஓர் அமைதியை யாரும் கண்டதில்லை. காத்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தவமணி மறுபடி பார்த்தாள். "நூத்தி முப்பது."

"எப்படிம்மா குறைஞ்சுது?"

"முதல்ல பார்த்தது, பயிற்சிக்கு முன்னாடி நாங்க எல்லாருக்கும் பார்த்த லட்சணம். இந்நேரம் வேண்டாத மாத்திரையை முழுங்கியிருப்பீங்க. இப்பப் பார்த்தது, பயிற்சி சொல்லிக் கொடுத்தது."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க சார், மறுபடி ஏறிடும். அடுத்த பயிற்சிக்கு நாங்க போகலாமா? தலையாட்டினா போதும்."

ஆட்டினார்.