பஞ்சவர்ணம் வைத்த பூ

ஆயிற்று, ஏழாவது தடவை. மஸ்கட்டில் சாரம் சரிந்து செத்துப்போன கொத்தனார் முனியாண்டியின் பெண்டாட்டி பஞ்சவர்ணம், விதவை பென்ஷனுக்காக தாலுகா அலுவலகத்துப் படியேறினாள். அவள் வீட்டில் அடுப்பெரிய அது ஒன்றுதான் வழி.

கண்காணிப்பாளர் வைத்தியலிங்கம் அரபியில் இருந்த இறப்புச் சான்றிதழையும் அதன் தமிழாக்கத்தையும் ஒற்றை விரலால் தள்ளிவிட்டார்.

"இதெல்லாம் செல்லாதும்மா. எங்க ரெக்கார்டுல உன் புருஷன் உயிரோடதான் இருக்கான்."

"அப்படிங்களா சார்?"

"ரெக்கார்டு சொன்னா சொன்னதுதான்."

அவள் காகிதங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மறுநாள் கூட்டம் நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து வந்தாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், தலையில் இரண்டு முழம் மல்லிகை. அந்தப் பொட்டை வைக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனதோ, யாருக்குத் தெரியும்?

வைத்தியலிங்கம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அடிப் பாவி! புருஷன் செத்து இன்னும் வருஷம்கூடத் திரும்பலை. பூவும் பொட்டுமா வந்து நிக்கிறியே, வெட்கமா இல்லை?"

பஞ்சவர்ணம் மனுவை மேசைமேல் விரித்தாள். 'அதிகாரி விசாரித்து அறிந்தது' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"இப்பச் சொன்னதை இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க சார். இத்தனை பேரும் கேட்டாங்க."

அவர் வரிசையைப் பார்த்தார். ஒருவரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. பேனாவை எடுத்தார்.

வெளியே வந்தவள் பூவை எடுக்கத் தலைக்குக் கையைக் கொண்டுபோனாள். பிறகு, வாடுகிறவரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.