ஒட்டின் ஓரம்

திருநெல்வேலியில் இதய அறுவை மருத்துவர் ஞானதிரவியத்திடம் படித்தவர்களில், நெஞ்சைத் திறக்காமலே இதயத்தைச் சரிசெய்யும் வழிக்குப் போனவள் உமையாள் ஒருத்திதான். தொடையின் ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி ஓட்டையை மூடுவதில் அவளுக்குப் பெரிய பெயர். அது அவளுக்கும் தெரியும்.

காவலர் பயிற்சியில் இருந்த முத்துப்பேச்சி என்ற பெண் அவளிடம் வந்தாள். மைதானத்தில் ஒரு சுற்று ஓடுவதற்குள் மூச்சு முட்டியது. குழந்தையாக இருந்தபோது இதயத்தின் ஓட்டையை ஒட்டுப் போட்டு மூடியிருந்தார்கள். இப்போது அந்த ஒட்டின் ஓரத்தில் கசிவு.

ஒட்டுப் போட்டவர் ஞானதிரவியம்.

ஓய்வில் இருந்த ஆசிரியரை உமையாள் தேடிப் போனாள். முத்துப்பேச்சியின் இதயப் படங்களைக் காட்டினாள்.

"சார், இந்த ஓரத்துல இன்னொரு தையல் போட்டிருந்தா கசிவே இருந்திருக்காது. ஏன் விட்டீங்க?"

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எப்ப மூடப் போறே?"

"வியாழக்கிழமை சார்."

"நானும் வாரேன். ஓரமா நின்னுக்கிடுதேன்."

வியாழனன்று எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் கனத்த ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

உமையாளின் குழாய் முதல் முயற்சியிலேயே கசிவைக் கடந்தது. அதன் நுனியிலிருந்து வட்ட மூடி விரிந்து அமர்ந்தது. திரையில் கசிவு அடியோடு நின்றது. அறையில் எல்லோர் முகமும் மலர்ந்தது.

அடுத்த கணம் முத்துப்பேச்சியின் நாடித்துடிப்பு பாதியாக இறங்கியது. துடிப்புக்கு உத்தரவு கொண்டுபோகும் இழை, ஞானதிரவியம் தையல் போடாமல் விட்ட அந்த ஓரத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. மூடி அதை நெருக்கியது.

"மேடம், இவ்வளவு அழகா உட்கார்ந்திருக்கு. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே," என்றார் உதவி மருத்துவர்.

உமையாள் ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மூடியைச் சுருக்கி வெளியே இழுத்தாள்.

துடிப்பு மீண்டது. சிறிய, மென்மையான மூடி ஒன்றை வாங்கிப் பொருத்தினாள். துடிப்பு பிசகவில்லை. நூலிழை போல ஒரு கசிவு மிஞ்சியது. அதைத் தொடாமல் குழாயை எடுத்துவிட்டாள்.

சில மாதங்களில் அந்தக் கசிவும் தானே மூடிக்கொண்டது. பயிற்சி நிறைவு அணிவகுப்பில் முத்துப்பேச்சி முன்வரிசையில் நிமிர்ந்து நடந்தாள். அவள் அம்மா மருத்துவர்கள் இருவரையும் அழைத்திருந்தாள். கண் கலங்க ஞானதிரவியத்தைக் கும்பிட்டாள்.

"அன்னைக்கும் இன்னைக்கும் நீங்கதான் ஐயா என் பிள்ளையக் காப்பாத்துனது."

"அன்னைக்கு நான். இன்னைக்கு இவ," என்றார் அவர். "என் மாணவி."

அந்தச் சொல்லை அவர் இதற்குமுன் யாரிடமும் சொல்லி உமையாள் கேட்டதில்லை. அம்மா நகர்ந்ததும் மெல்லக் கேட்டாள்.

"சார், அன்னைக்கு அறைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மூட உனக்கு நல்லா வரும்னு ஊரே சொல்லுது," என்றார் ஞானதிரவியம். "எடுக்க வருமான்னு பார்க்கத்தான் வந்தேன்."