பாட்டனார் கப்பலின் நால்விரல் இரும்பு

மூழ்கிவிட்டது. பகைவர் இன்னும் ஒரு கல்கூட எறிந்திருக்கவில்லை.

அரண்மனைக் குளத்தின் நடுவில் நான்கைந்து குமிழிகள் வந்தன. பிறகு அவையும் அடங்கின. கடற்கொள்ளையராக எதிர்க்கரையில் நிறுத்தப்பட்டிருந்த காவலர்கள் கவணில் வைத்த கல்லோடு விழித்தார்கள். போர் தொடங்கும் முன்பே வென்றுவிட்டால் அதற்குத் தண்டனை உண்டா என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

"மறுபடியுமா?" என்றார் மன்னர் சமரகோலாகலர்.

போரில் ஆரவாரம் செய்பவர் என்று அந்தப் பெயருக்குப் பொருள். அவர் செய்த போரெல்லாம் இந்தக் குளத்தில்தான். வெள்ளிதோறும் சின்னக் கப்பல்களை விட்டு, பாட்டனார் வென்ற கடற்போரை மறுபடி நடத்திப் பார்ப்பார். ஒவ்வொரு வெள்ளியும் பாட்டனாரே வெல்வார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அரசு ஓலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓலைநாயகம் விழுப்பரையர் ஒரு பிழையைக் கண்டுபிடிக்கும்வரை. பாட்டனாரின் புகழ்க் கல்வெட்டில் 'நால்விரல் கனத்து இரும்பு' என்று இருக்கிறது. குளத்துக் கப்பலிலோ வெறும் மரம். வரலாற்றுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா?

கப்பல் கட்டும் ஓடாவி சாத்தன் கணக்குப் போட்டான். கப்பல் இருபதில் ஒரு பங்கு. ஆகவே நான்கு விரலிலும் இருபதில் ஒரு பங்கு. அடியிலிருந்து விளிம்புவரை தகடு அடித்தான். இம்மி பிசகவில்லை. அதனால்தான் மூழ்கியது. இது மூன்றாவது வெள்ளி.

"இவன் வேண்டுமென்றே செய்கிறான், அரசே," என்றார் விழுப்பரையர். "கல்வெட்டு பொய் சொல்லாது. வலது கைக் கட்டைவிரலை எடுத்துவிடலாம். அடுத்து வருகிறவன் ஒழுங்காகக் கட்டுவான்."

"சாமி, அவ்வளவு இரும்பை ஏற்றினால் எந்தக் கப்பலுமே..."

"எந்தக் கப்பலுமே?" மன்னர் திரும்பினார். "என் பாட்டன் கப்பலுமா?"

சாத்தன் வாயை மூடிக்கொண்டான். கட்டைவிரலோடு போவதைத் தலை வரைக்கும் கொண்டுபோக அவனுக்கு விருப்பமில்லை.

மன்னரின் பின்னால் நின்ற அவை விகடகவி அரவணையானுக்கு உள்ளே எரிந்தது. அந்தக் கல்வெட்டை இயற்றியவர் விழுப்பரையரின் பாட்டனார். படகில் கால்வைத்தாலே வாந்தி எடுத்தவர். இது அவையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்லாமலிருக்கத்தான் அவையில் இடம் கொடுக்கிறார்கள். கல்வெட்டு பொய் என்றால் நாக்கு போகும். மெய் என்றால் சாத்தனின் விரல் போகும்.

"அரசே," என்றான். "கப்பல் கல்வெட்டுப்படி மிகச் சரி. தண்ணீர்தான் சரியில்லை."

"தண்ணீருக்கு என்ன?"

"ஓலைநாயகம் அடுத்த வரியையும் படிக்கட்டுமே."

விழுப்பரையர் குரலைச் சரிசெய்துகொண்டார். பாட்டனார் பாட்டென்றால் அவருக்கு இசையும் வந்துவிடும். "'கடலரசன் தன் தோளேற்றித் தாங்கி நிற்பக் கல்மாரி பொழிந்தும் கலங்காது சென்று...'"

"கேட்டீர்களா? கப்பல் தானாக மிதக்கவில்லை. கடலரசன் தோள்கொடுத்திருக்கிறான். நாம் இரும்பை எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிட்டோம். மூழ்காமல் என்ன செய்யும்?"

மன்னர் தொடையில் தட்டினார். "அட! சரி, யார் தாங்குவது?"

"வரலாறு பிசகிவிடுமோ என்று இங்கே தூக்கமில்லாமல் இருப்பவர் ஒருவர்தானே, அரசே?"

விழுப்பரையர் ஓரடி பின்வாங்கினார். "அது... அது கவி வாக்கு. அலங்காரம்."

"அப்படியா? இரும்பு எந்தச் சொல்லோடு முடிகிறது, அலங்காரம் எந்தச் சொல்லில் தொடங்குகிறது? காட்டிவிட்டால் நான் உட்கார்ந்துவிடுகிறேன்."

மன்னரும் தெரிந்துகொள்ள ஆவலாகப் பார்த்தார். விழுப்பரையர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு குளத்தில் இறங்கினார்.

கழுத்தளவு நீர். காவலர் இருவர் கப்பலை மீட்டு அவர் தோளில் வைத்தார்கள். கப்பல் மிதந்தது. ராஜகம்பீரமாக மிதந்தது. அடியில் ஒரு தலை மட்டும் உதட்டைக் குவித்து மூச்சு வாங்கியது.

"ஆகா! எறியுங்கள்!" என்றார் மன்னர்.

முதல் கல் தகட்டில் பட்டுக் காதுக்குள் மணி அடித்தது. இரண்டாவது தலைப்பாகையைக் கொண்டுபோனது.

"அரசே! மூன்று விரலாகவும் இருக்கலாம்!"

"கல்வெட்டிலா, ஐயா?" என்று கரையிலிருந்து விசாரித்தான் அரவணையான்.

அடுத்த கல் காதை உரசிப் போனது. "இரண்டு! ஒன்று! அரசே, கப்பலுக்கு இரும்பே கிடையாது! வெறும் மரம்தான்! நால்விரல் இரும்பும் உங்கள் பாட்டனார் மார்பில் அணிந்தது!"

மன்னர் கையை உயர்த்தினார். கற்கள் நின்றன.

"மார்பிலா? நான்கு விரலா?"

"அவர் மார்பு அப்படிப்பட்டது, அரசே."

"அப்படியானால் சாத்தன் முதலில் கட்டிய மரக்கப்பல்?"

"அப்பழுக்கில்லாதது! அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை!"

சாத்தனுக்கு மூச்சு வந்தது. ஆனால் மன்னர் தம் மார்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அது விரிந்தது.

"அடுத்த வெள்ளி நானே கடலில் இறங்குகிறேன். நிஜப் படகு, நால்விரல் கவசம், பாட்டனாரைப் போலவே. அரவணையா, என்ன சொல்கிறாய்?"

"அருமையான யோசனை, அரசே. விழுப்பரையர் கரையேறாமல் அங்கேயே இருந்து பழகட்டும். கடலில் உங்களையும் அவர்தானே தாங்கவேண்டும்?"

மன்னர் குளத்தைப் பார்த்தார். தோளில் கப்பலோடு நின்ற தலை அவரை நிமிர்ந்து பார்த்தது. மன்னருக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து அரவணையான் மேல் போட்டார். சாத்தனைத் தகட்டை உரித்துவிடச் சொன்னார். கவசத்தைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

விழுப்பரையர் படியேறி வந்து வேட்டியைப் பிழிந்தார். மடிப்பிலிருந்து சின்னக் கெண்டை ஒன்று கல்லில் விழுந்து துள்ளியது. எல்லோரும் மன்னரின் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அரவணையான் அதைக் கால் விரலால் மெல்லத் தண்ணீரில் தள்ளிவிட்டு நடந்தான்.